சோல்பரிப் பட்டம்: ஓர் ஆங்கிலப் பிரபுத்துவ உரிமையின் வரலாறும் வழியுரிமையும்

இலங்கையின் அரசியல் வரலாற்றைக் கற்கும் எவரும் 'சோல்பரி' என்னும் பெயரைச் சந்திக்காதிருத்தல் இயலாது. சோல்பரி ஆணைக்குழு, சோல்பரி அரசியற்றிட்டம், சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு என்றவாறு அப்பெயர் பாடநூல்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் மேடைப் பேச்சுகளிலும் திரும்பத் திரும்ப இடம்பெற்று வந்துள்ளது. ஆயினும் அது எவரது இயற்பெயருமன்று, குடும்பப் பெயருமன்று. இங்கிலாந்தின் பக்கிங்காம்சயரிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. 1941ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட பரம்பரைப் பட்டமொன்றின் வாயிலாக ஒரு மனிதரைச் சார்ந்து, அவரோடு கடல் கடந்து நம் நாட்டை வந்தடைந்தது. அவருக்கு முன் இங்கு வந்த ஆணைக்குழுத் தலைவரின் பெயரும் இத்தகையதே. டொனமூர் என்பது 1800ஆம் ஆண்டில் அயர்லாந்துப் பிரபுத்துவத்தில் உண்டாக்கப்பட்ட ஏர்ள் பட்டம். 1927 இல் இலங்கைக்கு வந்தவர் அதன் ஆறாவது உரிமையாளர். ஆக, சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் நாம் ஆளப்பட்ட இரு யாப்புகளும் பிரபுத்துவப் பட்டங்களின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

டொனமூர்ப் பட்டத்தின் கதை வேறு. சோல்பரிப் பட்டத்தின் வழியுரிமை வரலாறு நம்மைப் பொறுத்தவரை அதனினும் நெருக்கமானது. 1941 முதல் 2010 வரையான காலத்தில் அப்பட்டம் நால்வரைச் சென்றடைந்தது. முதலாமவர் நமது யாப்பை வகுத்த ஆணைக்குழுவின் தலைவர். இரண்டாமவர் யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளின் சீடராகி மட்டக்களப்புச் செங்கலடியில் வாழ்ந்த துறவி. மூன்றாமவர் தொழில்முறை இராசதந்திரி. நான்காமவர் மோதல்களின் தீர்வு பற்றி ஆராயும் பேராசிரியர். ஒரு பட்டம் தன் வாரிசுக்கு எதனைக் கையளிக்கிறது, எதனைக் கையளிக்காது விடுகிறது என்னும் வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

முதலிற் பட்டத்தின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆங்கிலப் பிரபுத்துவம் ஐந்து படிநிலைகளைக் கொண்டது. டியூக், மார்க்குவிஸ், ஏர்ள், வைக்கவுண்ட், பாரன் என்பன மேலிருந்து கீழாக வரும் வரிசை. வைக்கவுண்ட் என்பதன் மூலம் இலத்தீன். கோமகனின் பதிலாள் என்பது அதன் பொருள். ஐரோப்பிய நிலமானிய அமைப்பில் அது ஓர் உத்தியோகம். இங்கிலாந்தில் 1440 இல் ஜோன் போமன்ற் என்பவருக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோதே அது உத்தியோகத் தன்மையை இழந்து வெறும் அந்தஸ்தின் அடையாளமாகியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில், நிலத்தோடும் அதற்கு எவ்விதத் தொடர்பும் இல்லாமற் போயிற்று. பட்டத்தில் ஓர் ஊரின் பெயர் வரும். அவ்வூரில் ஒரு பிடி மண்ணும் பட்டக்காரருக்குச் சொந்தமாயிருக்க வேண்டியதில்லை.

பட்டத்தை உண்டாக்குவது முடியின் முத்திரையிட்ட சாசனம். வாரிசு யார் என்பதை அச்சாசனத்தின் வாசகமே தீர்மானிக்கும். பெரும்பாலான சாசனங்கள், பட்டம் பெற்றவரின் உடலிற் பிறந்த, சட்டமுறையான ஆண் வழித்தோன்றல்களுக்கு மட்டுமே உரிமையை வரையறுக்கின்றன. மூத்த மகன், அவன் வழி ஆண்கள், அவ்வழி அற்றுப்போனால் அடுத்த மகன் என்றவாறு அது செல்லும். மகளுக்கு இடமில்லை, தத்துப்பிள்ளைக்கு இடமில்லை. மரண சாதனம் எழுதி விரும்பியவருக்கு விட்டுச்செல்லவும் முடியாது.

நமது தேசவழமையின் சொற்களைக் கொண்டு நோக்கினால் இதன் விசித்திரம் துலக்கமாகும். தேசவழமை சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கிறது. பட்டம் பெற்ற முதல் மனிதருக்கு அது தேடியதேட்டம், அடுத்தவருக்கு முதுசொம். ஆனால் முதுசொக் காணியை ஈடுவைக்கலாம், பங்கிடலாம், விற்கலாம். பட்டத்தை இவற்றுள் எதுவும் செய்ய இயலாது. அது மனிதனுக்குரிய சொத்தா, மனிதன் அதற்குரியவனா என்று கேட்கத் தோன்றும். ஆண் வாரிசு இல்லாவிடத்து அது மாண்டுபோகும். 1983 இல் மார்கிரட் தச்சர் நெடுங்கால இடைவெளியின் பின் பரம்பரைப் பட்டங்களுக்குப் புத்துயிர் அளித்து, வில்லியம் வைற்லோ, சபாநாயகர் ஜோர்ஜ் தோமஸ் ஆகிய இருவரை வைக்கவுண்டுகளாக்கினார். முன்னவருக்கு நான்கு பிள்ளைகள், நால்வரும் பெண்கள். பின்னவர் மணம் புரியாதவர். இரு பட்டங்களும் அவர்களுடனேயே முடிந்தன. பரம்பரையை மீட்க முனைந்தவர் பரம்பரையற்ற இருவரைத் தெரிந்தமை தற்செயலோ முன்யோசனையோ என்பது வாசகரின் ஊகத்துக்குரியது.

ஹேர்வால்ட் ராம்ஸ்போதம் 1887 இற் பிறந்தவர். வழக்கறிஞர், முதலாம் உலகப் போரில் இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். 1929 முதல் லங்காஸ்டர் தொகுதியின் கன்சவேட்டிவ் உறுப்பினராகப் பாராளுமன்றத்தில் இருந்தார். ஓய்வூதிய அமைச்சராகவும் பின்னர் 1940 இற் கல்விச் சபையின் தலைவராகவும், அதாவது கல்வி அமைச்சராகவும், பணியாற்றினார். 1944ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆங்கிலக் கல்விச் சட்டத்துக்கு அடியெடுத்துக் கொடுத்த இரகசிய ஆலோசனை ஏடு அவர் காலத்திலேயே தயாரானது. எனினும் 1941 ஜூலையிற் சேர்ச்சில் அவரை நீக்கி, ஆர். ஏ. பட்லரை அவ்விடத்தில் அமர்த்தினார். சட்டத்தின் புகழ் பட்லருக்குச் சென்றது. ராம்ஸ்போதமுக்குக் கிடைத்தது பாரன் பட்டம். மக்கள் சபையிலே தேவைப்படாதவரைப் பிரபுக்கள் சபைக்கு ஏற்றிவிடுவது ஆங்கில அரசியலின் பழகிய உத்தி. நமது நாட்டின் யாப்புக்குப் பெயர் தந்த பட்டம் ஒரு பதவியிழப்பின் ஆறுதற் பரிசாகப் பிறந்தது என்பது மனங்கொளத்தக்கது.

இவ்வாறு சோல்பரிப் பிரபுவானவர் 1944ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை ஆணைக்குழுவின் தலைவராக இங்கு வந்தார். அவருடன் வந்தவர்கள் இருவர். ஒருவர் கார்டிஃப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபர் ஜே. எஃப். றீஸ். மற்றவர் புகையிரதத் தொழிற்சங்கத்தின் முன்னாள் தலைவரும், பின்னர் வங்காளத்தின் இறுதி ஆங்கில ஆளுநராக விளங்கியவருமான எஃப். ஜே. பரோஸ். பிரபு, பேராசிரியர், தொழிற்சங்கவாதி என்னும் இக்கூட்டு, பிரித்தானிய ஆளும் வர்க்கம் தன் சமநிலையைக் காட்டிக்கொள்ளும் வழக்கமான அமைப்பாகும். இலங்கை அமைச்சர்கள் குழுவை முறைப்படி புறக்கணித்தனர். எனினும் ஐவர் ஜெனிங்ஸின் உதவியோடு அவர்கள் 1944 இல் ஆக்கிய நகல் யாப்பே, 1945 இன் பிற்பகுதியில் வெளியான அறிக்கையின் அடித்தளமாயிற்று. அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் ஜெனிங்ஸ். அவரை இவ்விடத்திற் பல்கலைக்கழக வாசகர்கள் மறத்தலாகாது.

ஆணைக்குழுவின் முன் ஜி. ஜி. பொன்னம்பலம் பல மணிநேரம் நின்று வாதிட்டார். சிறுபான்மையினருக்கும் பெரும்பான்மையினருக்கும் சமமான பிரதிநிதித்துவம் என்னும் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை ஆணைக்குழு ஏற்கவில்லை. அதற்கு ஈடாக மூன்று ஏற்பாடுகளை அது நம்பியது. முதலாவது, எழுபத்தையாயிரம் மக்களுக்கு ஒரு தொகுதி என்பதுடன் ஆயிரம் சதுரமைலுக்கு ஒரு தொகுதியும் சேர்த்து வழங்கும் கணக்கு. சனத்தொகை குறைந்து நிலப்பரப்பு மிகுந்த வடக்குக் கிழக்குக்கு இதனாற் சிறிது நன்மையுண்டு. இரண்டாவது, பதினைவர் கீழ்ச்சபையாலும் பதினைவர் மகாதேசாதிபதியாலும் தெரியப்படும் முப்பதின்மர் கொண்ட மூதவை. பிரபுக்கள் சபையிற் பரம்பரையால் இருந்தவர் நமக்குப் பரிந்துரைத்த மேற்சபையிற் பரம்பரைக்கு இடம் வைக்கவில்லை. தம் நாட்டிற் செல்லுபடியாகும் நாணயம் இங்கே செல்லாதென அவர் அறிந்திருந்தார் போலும். மூன்றாவது, எந்தவொரு சமூகத்தவருக்கும் ஏனையோருக்கு இல்லாத தகுதிக்குறைவை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்னும் 29ஆம் பிரிவு.

இம்மூன்றுள் இறுதியானதே பெரிதும் நம்பப்பட்டது. விரைந்து சோதனைக்குள்ளானதும் அதுவே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. எச்சமூகத்தின் பெயரும் சட்டத்தில் எழுதப்படவில்லை. எழுதப்படாமையே அதன் வலிமையாயிற்று. கோடகன் பிள்ளை - முதனாயக்க வழக்கில் 1953 இற் கோமறைக் கழகம், இது பிரசாவுரிமை பற்றிய சட்டமேயன்றி ஒரு சமூகத்தைப் பாரபட்சப்படுத்துவதன்று எனக் கூறி, 29ஆம் பிரிவு மீறப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. தோட்டத் தொழிலாளியின் உழைப்பால் வளர்ந்த ஏற்றுமதிப் பொருளாதாரத்தை வைத்துக்கொண்டு, தொழிலாளியை மட்டும் அரசியலுக்குப் புறத்தே நிறுத்தும் வர்க்க நலனுக்கு யாப்பின் காப்புரை தடையாகவில்லை.

இத்தீர்ப்பு வெளிவந்த நேரத்தில் அரசியற்றிட்டத்துக்குப் பெயர் தந்தவரே கொழும்பில் மகாதேசாதிபதியாக வீற்றிருந்தார். 1949 ஜூலை முதல் 1954 ஜூலை வரை அவர் அப்பதவியை வகித்தார். அக்காலத்தில் அவர் எடுத்த முக்கிய முடிவு ஒன்று வழியுரிமை பற்றியதே. 1952 மார்ச்சில் டி. எஸ். சேனாநாயக்கா திடீரென மறைந்தபோது, கட்சியின் மூத்தவராகக் கருதப்பட்ட சேர் ஜோன் கொத்தலாவலையை விடுத்து, மறைந்தவரின் மைந்தர் டட்லி சேனாநாயக்காவை அரசமைக்குமாறு சோல்பரிப் பிரபு அழைத்தார். தந்தையின் விருப்பம் அதுவென அவர் அறிந்திருந்தார். யாப்பு மரபின்படி அதில் முறைகேடு எதுவும் இல்லை. ஆனால் பரம்பரைப் பட்டத்தவர் ஒருவர் குடியாட்சி நாட்டின் முதற் பதவியைத் தந்தையிடமிருந்து தனயனுக்கு மாற்றிக் கொடுத்த காட்சியைச் சமுதாய வரலாற்று மாணவன் எளிதிற் கடந்துபோக மாட்டான். அடுத்த ஆண்டு ஓகஸ்ற் ஹர்த்தாலில் மக்கள் வீதிக்கு வந்தனர். ஒக்டோபரில் டட்லி பதவி துறந்தார்.

1954 இற் பதவிக்காலம் முடிந்தபோது பாரன் சோல்பரி, வைக்கவுண்ட் சோல்பரியாக உயர்த்தப்பட்டார். முந்திய பட்டம் மறைவதில்லை. பெரிய பட்டத்தின் கீழ் அடங்கி அதே வழியிற் செல்லும். இவ்வாறு இரு பட்டங்களில் ஒன்று ஒரு பதவியிழப்புக்கும் மற்றொன்று ஒரு குடியேற்ற நாட்டில் ஆற்றிய சேவைக்கும் ஈடாக ஒரே குடும்பத்தில் நிலைபெற்றன.

அவர் வாழ்க்கையின் மிக நேர்மையான செயல் இதன் பின்னரே நிகழ்ந்தது என்பது எமது கருத்து. 1956 இன் தனிச் சிங்களச் சட்டமும் 1958 இன் வன்செயல்களும் நிகழ்ந்து முடிந்த நிலையில், புவியியலாளர் பி. எச். ஃபார்மர் இலங்கை பற்றி எழுதிய நூலொன்று 1963 இல் வெளியாயிற்று. அதன் முன்னுரையைச் சோல்பரிப் பிரபு எழுதினார். அடிப்படை உரிமைகளுக்கு யாப்பிலேயே உறுதியான உத்தரவாதம் வழங்குமாறு தமது ஆணைக்குழு பரிந்துரைக்காமற் போனது வருந்தத்தக்கது என, பின்வந்த நிகழ்ச்சிகளின் ஒளியில், அவர் அதில் ஒப்புக்கொண்டார். ஆணைக்குழுத் தலைவர்கள் அறிக்கையைக் கையளித்துவிட்டு மறந்துபோவதே வழக்கம். பதினெட்டு ஆண்டுகளின் பின் தம் அறிக்கையின் குறையை அச்சில் ஏற்றுக்கொண்டவர்கள் சிலரே. ஆனால் அந்த ஒப்புதலால் இழந்த குடியுரிமை ஒன்றும் மீளவில்லை.

1971 ஜனவரி 30 இல் அவர் காலமானார். அதே ஆண்டு ஒக்டோபரில் மூதவை ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 இற் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தபோது 29ஆம் பிரிவும் இல்லாதொழிந்தது. யாப்பு மறைந்தது, பட்டம் நின்றது.

பட்டம் மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்போதமைச் சென்றடைந்தது. 1915 இற் பிறந்த இவர் 1949 இல் மணம் புரிந்து, அடுத்த ஆண்டிலேயே மனைவியை இழந்தவர். தந்தை கொழும்பில் மகாதேசாதிபதியாக இருந்த காலத்தில் இலங்கைக்கு வந்து, யோகசுவாமிகளைக் கண்டு, அவரது அடியவராயினார். சந்தசுவாமி என்னும் பெயர் அவருக்கு வழங்கிற்று. 1964 இல் யோகசுவாமிகள் மறைந்த பின்னரும் சிவதொண்டன் மரபிலேயே நின்று, செங்கலடிச் சிவதொண்டன் நிலையத்தில் வாழ்ந்தார். தந்தையார் அரசாங்க மாளிகையின் படிகளில் நின்று கண்ட இலங்கையும், மகன் மட்டக்களப்பின் ஒரு சிற்றூரில் நிலத்தில் அமர்ந்து கண்ட இலங்கையும் ஒன்றல்ல. அந்த நிலப்பகுதியைப் பின்னாளிற் போர் சூழ்ந்தது.

ஈண்டுச் சட்டத்தின் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஆங்கிலப் பிரபுத்துவப் பட்டத்தை வாரிசு விரும்பினாலும் விலக்க முடியாது என்பதே 1963 வரை நிலவிய விதி. அதனை உடைத்தவர் தொழிற்கட்சியின் அன்ரனி வெட்ஜ்வுட் பென். 1960 நவம்பரில் தந்தை ஸ்டான்ஸ்கேற் பிரபு இறந்ததும், பென் தாமாகவே பிரபுவாகி மக்கள் சபை ஆசனத்தை இழந்தார். 1961 இல் நடந்த பிரிஸ்டல் தென்கிழக்கு இடைத்தேர்தலில் மக்கள் அவரையே மீண்டும் தெரிந்தனர். தேர்தல் நீதிமன்றம் தோற்றவருக்கு ஆசனத்தைக் கொடுத்தது. இறந்த தந்தையின் சாசனம் வாழும் வாக்காளரின் தீர்ப்பை மேவியது. இக்கேலிக்கூத்தைத் தாங்க மாட்டாது, 1963 ஜூலை 31 இற் பிரபுத்துவச் சட்டம் நிறைவேறியது. பட்டம் வந்தடைந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் லோர்ட் சான்சலரிடம் ஒரு துறப்புப் பத்திரத்தைக் கையளித்தால் அது விலகும்; மக்கள் சபை உறுப்பினருக்கு ஒரு மாதமே தவணை. பென் அன்றே பத்திரத்தைக் கையளித்தார். இங்கும் ஒரு வரையறையுண்டு. துறப்புத் துறந்தவரின் ஆயுள் வரைக்குமே செல்லும். 2014 இற் பென் மறைந்தபோது உறங்கிக்கிடந்த பட்டம் விழித்து அவர் மகனைச் சேர்ந்தது.

இச்சட்டத்தின்படி சந்தசுவாமிக்கு 1972 ஜனவரி இறுதி வரை தவணை இருந்தது. துறப்புப் பத்திரம் எதுவும் கையளிக்கப்படவில்லை. ஆகவே 2004 டிசெம்பரில் மறையும்வரை அவர் இரண்டாவது வைக்கவுண்டாகவே சட்டத்தின் கண்ணில் இருந்தார். உலகைத் துறப்பதற்கு நம் மரபிற் பத்திரம் தேவையில்லை. காவி போதும், சில வேளைகளில் அதுவும் வேண்டாம். ஆங்கிலச் சட்டத்திலோ துறவுக்கும் படிவமும் தவணையும் பெறுநரும் உண்டு. பட்டத்துக்காகப் போராடாமலே அதனைப் பெற்றார். அதனை விடுவதற்கும் போராடவில்லை. பென் பட்டத்தைச் சட்டத்தாற் களைந்தார். சந்தசுவாமியோ அதனைச் சட்டத்தில் விட்டுவிட்டுத் தம் வாழ்க்கையில் அதற்கு வேலையில்லாமற் செய்தார். இவ்விரு வழிகளுள் எது பட்டத்தை அதிகம் சிறுமைப்படுத்தியது என்பதில் எமக்கு ஐயமுண்டு. சமுதாய மாற்றத்துக்கு முன்னையதே பயன்பட்டது என்பதில் ஐயமில்லை.

அவர் உயிரோடிருந்த காலத்திலேயே பட்டத்தின் அரசியற் பொருள் பெருமளவு உதிர்ந்துபோயிற்று. 1999ஆம் ஆண்டின் பிரபுக்கள் சபைச் சட்டம், தொண்ணூற்றிருவர் நீங்கலாகப் பரம்பரைப் பிரபுக்கள் அனைவரினதும் ஆசன உரிமையை நீக்கிற்று. எஞ்சிய அவ்விடங்களையும் ஒழிக்கும் சட்டமூலமொன்றை 2024 செப்டெம்பரிற் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்தது. ஆகவே 2004 இல் அடுத்தவர் பெற்றது, சபையும் வாக்கும் இல்லாத வெறும் பெயர்.

சந்தசுவாமிக்குப் பிள்ளைகள் இன்மையாற் பட்டம் தம்பி சேர் பீற்றர் ராம்ஸ்போதமிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து; அவரது பொதுவாழ்வு முடிந்திருந்தது. சைப்பிரசிலும் ஈரானிலும் பணியாற்றி, 1974 முதல் 1977 வரை வொஷிங்ரனில் தூதுவராக இருந்தவர். 1977 இற் பிரதமர் ஜேம்ஸ் கலகன் அரசு இவரை நீக்கி, பிரதமரின் மருமகனான பத்திரிகையாளர் பீற்றர் ஜேயை அங்கு நியமித்தது. உறவினர் சலுகை என்ற கண்டனம் பலமாக எழுந்தது. பரம்பரைப் பட்டத்துக்கு வாரிசான ஒருவர், தொழிற்கட்சிப் பிரதமரின் குடும்ப உறவினாற் பதவியிழந்தமை, இரத்த உறவின் ஆட்சி பிரபுக்களோடு முடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்று. பின்னர் பேமுடாவின் ஆளுநரானார். அங்கு 1977 டிசெம்பரில் இருவர் தூக்கிலிடப்பட்டதும் பெருங்கலவரம் மூண்டது. பிரித்தானிய ஆட்சியின்கீழ் உலகில் எங்கும் நிறைவேற்றப்பட்ட மரணதண்டனைகளுள் இறுதியானவை அவை.

பீற்றர் 2010 ஏப்பிரலில் மறைந்தார். பட்டம் அவர் மகன் ஒலிவர் ராம்ஸ்போதமைச் சேர்ந்தது. 1943 இற் பிறந்த இவர், 1973 இல் தோற்றுவிக்கப்பட்ட பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகச் சமாதானக் கற்கைத் துறையிற் பேராசிரியராக விளங்கியவர். இவர் ஹியூ மியால், ரொம் வூட்ஹவுஸ் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய சமகால மோதற் றீர்வு பற்றிய நூல் 1999 இல் முதற் பதிப்பாக வெளிவந்து, அத்துறை மாணவரின் பாடநூலாயிற்று. இனக்குழுக்கள் ஒன்றையொன்று அஞ்சும் நாட்டில் யாப்பு எவ்வாறு அமைய வேண்டும், அதிகாரம் எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்பன அத்துறையின் நிலையான வினாக்கள். பாட்டனார் 1945 இற் கொழும்பில் எதிர்நோக்கிய வினாக்களும் அவையே.